எக்ஸ்ட்ரீம் என்று எழுதியிருந்தால் மலை ஏறுமா?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கேள்வி கிடைத்தது. கேள்வி என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஒரு கட்டு வண்டிப் படங்களை அனுப்பிவிட்டு, அடியில் ‘இதில எது மாமா நல்லம்?’ என்று ஒற்றை வரி எழுதினால் அதற்குப் பெயர் கேள்வியா? படங்களையெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு டாச்சியா டஸ்டர் சேற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது, பின்னால் பனி மூடிய மலை நிற்கிறது. பக்கத்து சீற்றில் அம்மாவைக் காணோம், பின்சீற்றில் மரக்கறிப் பைகளும் இல்லை. பலெர்மோவின் பிரான்காச்சோவிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வருகிற பிள்ளைக்கு அந்தப் படத்தில் என்ன அலுவல் என்று யோசித்தேன்.

கோபிக்காதே. டஸ்டரைப் பிடித்ததில் பிழை இல்லை. பலெர்மோவின் குண்டும் குழியுமான தெருக்களுக்கு உயரமான வண்டி நல்லது, விலையும் உன் சம்பளத்துக்கு எட்டக்கூடியது. நீ தொடங்கிய இடம்தான் பிழை. முதலில் ‘எக்ஸ்ட்ரீம்’ ரகத்தைப் பார்த்தாய், செப்பு நிறக் கோடுகள் வடிவாக இருந்தன, மனம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் எஞ்சினைப் பற்றிக் கேட்கிறாய். திரைச்சீலையை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலை எங்கே விடலாம் என்று மேசனிடம் கேட்பது போல இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொள். இந்த வகை வண்டிகளில் எஞ்சின், கியர்பெட்டி, இழுவை மூன்றும் ஒரே கட்டாகத்தான் வரும். இதில் ஒன்றை உருவி அதில் செருக விடமாட்டார்கள். இப்போதிருக்கும் மூன்றாம் தலைமுறை டஸ்டரை 2023 நவம்பரில் காட்டினார்கள், 2024இல் கடைக்கு வந்தது. வந்தபோது மூன்று கட்டுகள். ஈகோ-ஜி 100 என்பது பெற்றோலிலும் எரிவாயுவிலும் ஓடும் 1 லீற்றர் மூன்று சிலிண்டர் டர்போ: கைக்கியர், முன்சக்கர இழுவை. டிசிஇ 130 என்பது 48 வோல்ட் மின்துணையோடு வரும் 1.2 லீற்றர் பெற்றோல். இதுவும் கைக்கியர்தான், முன்சக்கர இழுவையோடும் வாங்கலாம், ஆனால் நாலுசக்கர இழுவை இதற்கு மட்டும்தான் கிடைத்தது. ஹைபிரிட் 140 என்பது 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்தது: தானியங்கிக் கியர், இழுவை முன்சக்கரத்துக்கு மட்டும்.

இப்போது உன் எக்ஸ்ட்ரீமுக்கு வருவோம். அது ரகத்தின் பெயர். அதே எக்ஸ்ட்ரீமை ஈகோ-ஜி எஞ்சினோடும் வாங்கலாம், அப்போது பின்சக்கரங்கள் இரண்டும் சும்மா உருண்டுகொண்டுதான் வரும். பெயரைப் பார்த்து மலை ஏறப்போனால் நடுவழியில் நின்று டாச்சியாக்காரனைத் திட்டவேண்டியதுதான். இது இங்கே மட்டும் நடக்கிற கூத்தில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போடும் தார் ராக்ஸ் காணொளிகளை நீ விழுந்து விழுந்து பார்ப்பது எனக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் மஹிந்திரா அதை இறக்கியபோது நாலுசக்கர இழுவையை டீசல் எஞ்சினுக்கு மட்டுமே வைத்தது. பெற்றோல் வேண்டுமென்றவருக்கு எவ்வளவு உயர்ந்த ரகத்தை எடுத்தாலும் பின்சக்கர இழுவைதான்.

ஆகவே படத்தை மூடிவைத்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்: தார் ரோட்டைவிட்டு ஆண்டில் எத்தனை நாள் இறங்குவாய்? ‘மலைக்கெல்லாம் போவேன் மாமா’ என்று மழுப்பாதே. எந்த மலை? மொந்தே பெல்லெக்ரினோவா? 606 மீற்றர் உயரமான அந்த மலையில் சாந்தா ரொசாலியா குகை வாசல்வரை நல்ல ரோட்டு இருக்கிறது. செப்டம்பர் 3ஆம் திகதி இரவு ஊரே நடந்து ஏறுகிறது, எங்கள் சனமும் அதில் பாதி. அம்மா வெறுங்காலோடு ஏறுகிற மலைக்கு மகளுக்கு நாலுசக்கர இழுவை வேண்டுமாம்! ஃபிக்குத்சா காட்டுக்கா? வாசல்வரை ரோட்டு. பியானோ பத்தாலியாவில் பனி பார்க்கவா? 1,600 மீற்றர் உயரம் என்றாலும் அதுவும் தார் ரோட்டுத்தான். அங்கே உனக்கு வேண்டியது வேறு சாமான், அதற்குப் பிறகு வருகிறேன்.

‘நண்பியின் ஒலிவ் தோட்டத்துக்குப் போகும் திராட்செராவை மறந்துவிட்டீர்களே’ என்று இந்நேரம் வாய்க்குள் முணுமுணுப்பாய். மறக்கவில்லை. திராட்செராக்கள் எனக்குப் பிடித்த சங்கதி. ஆட்டுமந்தைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன பழைய அரச பாதைகள் அவை. சட்டப்படி அகலம் 37.68 மீற்றர், இன்றைய நெடுஞ்சாலைக்கே அவ்வளவு கிடைக்காது. இப்போது பெரும்பாலானவை ஒரு வண்டி போகிற ஒற்றைத் தடமாகச் சுருங்கிக் கிடக்கின்றன, பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு முழம் விழுங்கிவிட்டார்கள்.

இந்தத் தீவின் உட்பகுதி முழுக்கக் களிமண். வெயிலில் வெடித்துக் கல்லாகிவிடும், மழையில் சவர்க்காரமாகிவிடும். அந்த மண்ணின் குணத்தை அறிய 2015ஐ நினைத்தாலே போதும். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ஏப்ரல் 10ஆம் திகதி ஸ்கில்லாத்தோவுக்குக் கிட்ட மலைச்சரிவு ஒன்று வழுக்கி வந்து பலெர்மோ-கத்தானியா நெடுஞ்சாலையின் இமேரா பாலத்தூண்களைச் சாய்த்துவிட்டது. தீவு இரண்டாகப் பிளந்தது மாதிரி. காரெல்லாம் போலித்சி ஜெனரோசா மலையூர் வழியாகச் சுற்றி வளைந்து போயின. அப்போது ஐந்து நட்சத்திர இயக்கத்தின் பிராந்திய சபை உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த காசில், சுமார் 3 லட்சம் யூரோ, கால்தவுத்துரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய திராட்செராவைச் செப்பனிட்டுத் திறந்தார்கள். செங்குத்தான பாதை. பாரவண்டிகளுக்குத் தடை. அதில் ஏறி இறங்கிய வண்டிகள் என்ன? சாதாரண புந்தோ, பாண்டா, கோர்சா. முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டிகள்தான், ஏனென்றால் பாதையின் மேற்பரப்பு நன்றாக இருந்தது. புதுப் பாலம் 2020 ஜூலையில்தான் வந்தது.

இதிலிருந்து நீ எடுக்கவேண்டியது: செங்குத்து ஒரு பிரச்சினை, வழுக்கல் வேறு பிரச்சினை. செங்குத்துக்கு எஞ்சினும் கியரும் வேண்டும். வழுக்கலுக்கு ரயரும் இழுவையும் வேண்டும், அந்த இரண்டிலும் ரயர்தான் மூத்தது. ரோட்டு ரயர் போட்ட நாலுசக்கர வண்டி ஈரக் களியில் இறங்கினால், ரயரின் வெட்டுகளில் களி அப்பி நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். அதைவிட முக்கியம், பிரேக் போடும்போது நாலுசக்கர இழுவையால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. ஏறும்போது கைகொடுப்பது இறங்கும்போதும் காப்பாற்றும் என்று நம்பித்தான் புது ஓட்டுநர்கள் மதகில் போய் விழுகிறார்கள். டஸ்டரில் இறக்கத்தில் தானாக வேகத்தைப் பிடிக்கிற வசதி இருக்கிறது, அதுவும் கடைசியில் அதே ரயரை நம்பித்தான் நிற்கிறது.

‘சரி, உயரமாவது கூடவா இல்லையா?’ இதையும் எதிர்பார்த்தேன். நாலுசக்கர டஸ்டரின் அடிவயிறு நிலத்திலிருந்து 217 மில்லிமீற்றர், முன்சக்கர டஸ்டர் 209. வித்தியாசம் 8 மில்லிமீற்றர், உன் சுண்டுவிரலின் பருமன்கூட வராது. கோடையில் காய்ந்து கிடக்கிற கல்லுப்பாதைக்கு முன்சக்கர டஸ்டரே தாராளம். கல்லுக்குப் பயப்படவேண்டியது அடிவயிறு, அது எல்லா ரகத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கிறது.

ஒலிவ் பறிப்பது ஒக்டோபர், நவம்பரில், சரியாக மழை தொடங்குகிற காலத்தில். ஆகவே நண்பியின் தோட்டத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் மழை, வெயில் பாராமல் போவாயென்றால் டிசிஇ 130இன் நாலுசக்கர இழுவையை எடு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். 230 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசை, பனி, சேறு, கல் என்று திருப்புகிற குமிழ் எல்லாம் உண்டு. வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிற இரண்டாவது கியர்பெட்டி மட்டும் கிடையாது, ஆனால் தோட்டத்துக்கு அது தேவையும் இல்லை. வருடத்தில் ஒரு தடவை, அறுவடை விருந்துக்கு மட்டும் போவாயென்றால்? தார் முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நட. சில ஆயிரம் யூரோ மிச்சம், விருந்துக்குப் பசியும் எடுக்கும். இன்னொன்று, மதோனியே பூங்காவுக்குள் பாதையைவிட்டு வண்டியை இறக்கலாம் என்று கனவிலும் நினைக்காதே. 1989இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட நிலம். வனக்காவலர் எழுதுகிற அபராதச் சீட்டுக்கு டஸ்டரும் ஒன்றுதான், டிராக்டரும் ஒன்றுதான்.

இனி ஈகோ-ஜி. இதில்தான் உன் அம்மா தலையிடுவாள் என்று தெரியும். ‘காஸ் சிலிண்டரைப் பின்னால வைச்சுக்கொண்டு என்ர பிள்ளை ஓடுறதோ?’ அவளிடம் நான் சொன்னதாகச் சொல்: 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் அவள் ஏறிப்போன வாடகைக் கார்கள் எதில் ஓடின? பழைய ஒஸ்ரினையும் மொரிஸையும் கொஞ்சம் பெற்றோல் தெளித்து ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்களே. புகை பின்னால் சுவர் மாதிரி எழும்பும், கண் எரியும், எஞ்சின் இருமும், வண்டி ஓடும். அப்போது பயமில்லை, இப்போது பயமா? ஈகோ-ஜி செய்வதும் அதே வித்தைதான். பெற்றோலில் பற்றும், எஞ்சின் சூடானதும் தானாக எரிவாயுவுக்கு மாறும். புகைதான் இல்லை. தாங்கியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வும், அழுத்தம் கூடினால் மெல்லத் திறந்துவிடும் வால்வும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி சோதித்த தாங்கி.

பயப்படாமல், ஆனால் தெரிந்துகொண்டு வாங்கவேண்டிய சங்கதிகள் சில இருக்கின்றன, இவற்றை விற்பனைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். எரிவாயுத் தாங்கி உட்கார்ந்திருப்பது மாற்றுச் சக்கரத்தின் குழியில். ஆகவே மாற்றுச் சக்கரம் இல்லை, பசையும் காற்றுப்பம்பும் உள்ள ஒரு சின்னப் பெட்டிதான் தருவார்கள். ஆணி குத்தினால் அந்தப் பசை அடைக்கும். கல்லுப் பாதையில் ரயரின் பக்கவாட்டு கிழிந்தால் அதை முகத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் முதல் தளத்துக்குக் கீழே எரிவாயு வண்டி இறங்கக்கூடாது, இது இத்தாலிச் சட்டம். 10 வருடம் ஆனதும் தாங்கியைக் கட்டாயம் மாற்றவேண்டும், பழையது வாங்குகிறவர்கள் இந்த வருடத்தைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள். ஜெனோவாவுக்குக் கப்பலில் போகும்போது பதியும்போதே எரிவாயு வண்டி என்று குறிப்பிடவேண்டும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டால் கிடைப்பது என்ன? இங்கே எரிவாயு லீற்றர் விலை பெற்றோலின் பாதிக்கும் கீழே. எரிவாயுவில் லீற்றர் கணக்குக் கால்வாசி வரை கூடத்தான் குடிக்கும், அதைக் கழித்தாலும் உன் மாதக் கணக்கில் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். பெற்றோலுக்கு 50 லீற்றர், எரிவாயுவுக்கு 50 லீற்றர் என்று இரண்டு தாங்கி. இரண்டும் சேர்ந்து 1,300 கிலோமீற்றர் போகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நிறுவனக் கணக்கை நான் எப்போதும் கொஞ்சம் கிள்ளிவிட்டுத்தான் எடுப்பேன், நீயும் அப்படியே எடு. மலைப்பக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை எரிவாயு நிரப்ப ஆள் இல்லாவிட்டாலும் பெற்றோலில் வீடு வந்து சேரலாம்.

ஹைபிரிட் 140ஐப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கோர்சோ தெய் மில்லேயில் காலையில் ஊர்ந்து ஊர்ந்து கிளச்சை மிதித்து முழங்கால் நொந்தவர்களுக்கு அது நல்ல வண்டி. நகரத்துக்குள் பெரும்பகுதி நேரம் மின்சாரத்திலேயே உருளும், வயர் சொருகும் வேலையும் இல்லை. உன் முழங்காலுக்கு இன்னும் வயது வரவில்லை.

2025 இலையுதிர்காலத்தில் டாச்சியா புதிதாக ஒன்றை அறிவித்தது, ஹைபிரிட்-ஜி 150. முன்சக்கரங்களை எரிவாயுவிலும் ஓடுகிற எஞ்சின் இழுக்க, பின்சக்கரங்களை ஒரு மின்மோட்டர் தள்ளும். தானியங்கிக் கியர். எரிவாயு, நாலுசக்கரம், தானியங்கி மூன்றும் ஒரே வண்டியில். கேட்க நாக்கில் தண்ணீர் ஊறுகிறதல்லவா? ஊறட்டும். மின்மோட்டருக்குத் தனியாக இரண்டு கியர், முன்னால் இரட்டைக் கிளச்சுப் பெட்டி, 48 வோல்ட் பற்றரி, எரிவாயுக் குழாய் என்று அடியில் ஒரு ஊரே குடியிருக்கிற வண்டியை முதல் வருடத்தில் வாங்குவது உன் வேலை இல்லை. காசுள்ளவர்கள் வாங்கி ஓட்டிப் பார்க்கட்டும், நீ சில வருடம் கழித்து அவர்களிடமிருந்து வாங்கலாம்.

உன்னோடு வேலை செய்கிற பையன் சுசுகி ஜிம்னிதான் ‘உண்மையான’ மலைவண்டி என்கிறானாம். அவன் சொல்வது சரிதான். ஏணிச்சட்டத்தில் கட்டிய வண்டி, 3.65 மீற்றர்தான் நீளம், நான் சொன்ன இரண்டாவது கியர்பெட்டி அதில் உண்டு. திராட்செராவில் டஸ்டர் திணறுகிற இடத்தில் அது ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போகும். ஆனால் கதை வேறு மாதிரிப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நிறுவனம் விற்கும் புதுக் கார்களின் கரியமில வாயு சராசரிக்குக் கிலோமீற்றருக்கு 95 கிராம் என்று எல்லை போட்டது. தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஜிம்னியின் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின் அந்த எல்லையை எங்கேயோ தாண்டி நின்றது. சுசுகி என்ன செய்தது? பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டு, சாமான் ஏற்றுகிற வாகனமாகப் பதிந்து விற்றது. ஆகவே அப்படிப் பதிந்த ஜிம்னியில் இரண்டு பேர்தான் இருக்கலாம். அம்மாவை முன்னால் ஏற்றினால் அப்பா பஸ்ஸில் வரவேண்டும். அதோடு உச்ச வேகம் 145, நெடுஞ்சாலையில் கத்தானியா போய்ச் சேரும்போது காது அடைத்திருக்கும்.

பழைய டீசல் டஸ்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்பா சொல்வார். நாலுசக்கர இழுவையோடும் கிடைக்கும், எஞ்சினும் உறுதியானது. ஆனால் பிரான்காச்சோவிலிருந்து நகரத்துக்குச் சில கிலோமீற்றர் ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிற ஓட்டத்தில் டீசலின் புகைவடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய வாய்ப்பே கிடைக்காது. அடைபடும், விளக்கு எரியும், கராஜுக்குக் காசு போகும். வாரம் இரண்டு தடவை கத்தானியா போகிறவருக்குத்தான் அந்த வண்டி. பழையதுதான் வேண்டுமென்று அப்பா பிடிவாதம் பிடித்தால் பாண்டாவின் நாலுசக்கர வண்டியைப் பார்க்கச் சொல். 1983இல் ஆஸ்திரியாவின் ஸ்தைர்-புக் நிறுவனத்தோடு சேர்ந்து ஃபியாட் செய்த அந்தச் சின்னப் பெட்டி சிசிலியின் இடையர்களுக்கும் தபால்காரர்களுக்கும் செய்த சேவையை எந்தப் பெரிய ஜீப்பும் செய்யவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் போனால் வருகிற தெர்மினி இமெரேசேயில் 1970இலிருந்து ஃபியாட் தொழிற்சாலை இருந்தது, பாண்டாவும் அங்கே செய்தார்கள். 2011 முடிவில் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கராஜ்களில் பாண்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற கைகள் இன்னும் இருக்கின்றன. பழைய வண்டிக்கு உதிரிப்பாகத்தைவிட அந்தக் கைகள் பெரிய சொத்து.

அதுசரி, இந்த ஆசையெல்லாம் உன் பதெந்தே அனுமதிக்கிறதா? நீ அதைக் கேட்கவே இல்லை. 2024 டிசம்பர் 14 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் முதல் மூன்று வருடத்துக்கு 105 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கார் ஓட்டக்கூடாது, எடைக்குத் தொன்னுக்கு 75 கிலோவாட்டையும் தாண்டக்கூடாது. 10 வருட அனுபவமுள்ள, 65 வயதைத் தாண்டாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் விலக்கு. அப்பாவை எப்போதும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு திரிய உனக்கு விருப்பமிருக்காது என்று நினைக்கிறேன், அவருக்கும் இருக்காது. குதிரைவலுவைப் பார்த்து நீயே கணக்குப் போடாதே. போக்குவரத்து அமைச்சின் வாகன ஓட்டிகளுக்கான இணையத்தளத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்தால் புது ஓட்டுநருக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லும். பரீட்சார்த்த ஓட்டத்துக்குத் தருகிற வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து பார்.

இனி ரகம். உனக்கு இனிப்பான பகுதி என்று கடைசியில் வைத்தேன். எக்ஸ்ட்ரீமில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: துடைத்தால் போகிற சீற்றுத் துணி. மீன் வாங்கிவருகிற வீட்டுக்கு அது உண்மையான வசதி. கூரைக் கம்பிகளைக் கழற்றிக் குறுக்கே போடலாம், அதுவும் நல்லது. ஜேர்னி ரகத்தில் 18 அங்குலச் சக்கரம், நல்ல பாட்டுப்பெட்டி, வயரில்லாமல் ஃபோன் சார்ஜ். 18 அங்குலம் கண்ணுக்கு வடிவு. ரயரின் கன்னம் குறுகுவதால் குழியில் விழுந்தால் விளிம்பு அடிபடும், கல்லில் கிழியும். 17 அங்குலச் சக்கரத்தின் தடித்த கன்னம் எங்கள் தெருக்களுக்கு ஏற்றது. கதவோரமும் சக்கரவளைவும் கீறல்படாமல் இருக்கப் போட்டிருக்கும் புள்ளிபோட்ட பிளாஸ்டிக் எல்லா ரகத்திலும் உண்டு. பாதி மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் என்று கடைக்காரர் அளப்பார், 20 சதவீதம்வரைதான். பெயின்ற் அடிக்காதது, ஆகவே சந்தைப் பக்கத்தில் எவன் உரசினாலும் துடைத்துவிட்டுப் போகலாம். இந்த இரண்டுக்கும் கீழே இருக்கும் எக்ஸ்ப்ரெஷன் ரகத்திலேயே பின்கமரா, 17 அங்குல அலோய் சக்கரம் எல்லாம் வந்துவிடுகிறது.

நீ எக்ஸ்ப்ரெஷனில் நின்று, மேல் ரகத்துக்குப் போகவிருந்த காசில் மலைச்சின்னமும் பனிப்பூவும் பொறித்த நாலுபருவ ரயர் நாலு வாங்கு. பியானோ பத்தாலியாவுக்கு வேண்டிய சாமான் அதுதான். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15வரை பலகை போட்ட மலைரோட்டுகளில் பனி ரயரோ சங்கிலியோ கட்டாயம், இந்த ரயர் அந்தச் சட்டத்துக்கும் செல்லும். கோடை ரயர் போட்ட நாலுசக்கர வண்டிக்காரர் பனியில் குறுக்கே நின்று கைகாட்டும்போது நீ மெதுவாகத் தாண்டிப் போகலாம்.

உயரமான வண்டி கையில் வந்ததும் தண்ணீரைப் பற்றி ஒரு திமிர் வரும். அதை முளையிலேயே கிள்ளிவிடு. 2020 ஜூலை 15, சாந்தா ரொசாலியா திருநாளன்று, பெய்த மழையில் வியாலே ரெஜியோனே சிச்சிலியானாவின் சுரங்கப்பாதைகளில் கார்கள் மிதந்ததையும், சனம் ஜன்னல் வழியாக நீந்தி வெளியே வந்ததையும் ஊரே பார்த்தது. மூழ்கியவற்றில் பெரிய வண்டிகளும் இருந்தன. எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் தண்ணீர் போனால் பிஸ்டன் தண்ணீரை நசுக்கப் பார்க்கும், தண்ணீர் நசுங்காது, கம்பி வளையும். மழை நாளில் சுரங்கப்பாதை வேண்டாம். எந்த எஞ்சினாக இருந்தாலும்.

காசு விஷயம் சுருக்கமாக. பெரிய எழுத்தில் போட்ட விலை பெரும்பாலும் அவர்களிடமே கடன் எடுத்தால் மட்டும்தான். தாயெக் என்கிற மொத்த வட்டி வீதத்தையும், கடைசியில் கட்டவேண்டிய பெருந்தொகையையும் கேட்டு எழுதி வாங்கு. ஏற்கனவே பதிந்த, ஓடாத ‘கிலோமேத்ரி சேரோ’ வண்டி ஒன்று நிற்கிறது, இன்றே எடுத்தால் கழிவு என்பார்கள். கழிவு உண்மைதான், ஆனால் நிற்கிற வண்டி உன் எஞ்சினா, உன் ரகமா என்று பார். ஜேர்னி பதினெட்டு அங்குலத்தைத் தலையில் கட்ட இதுதான் வழி. காப்புறுதியை உன் பெயரில் 14ஆம் வகுப்பில் புதிதாகத் தொடங்காதே. அப்பாவோடு ஒரே வீட்டுப் பதிவில் இருக்கிறாய், அவருடைய நல்ல வகுப்பை நீயும் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆகவே என் முடிவு: ஈகோ-ஜி, எக்ஸ்ப்ரெஷன், நல்ல ரயர். ஆனால் என் சொல்லை மட்டும் கேட்டு வாங்காதே. ஷோரூம்காரர் ஃபோரும் கடைத்தொகுதியைச் சுற்றிச் சமதரையில் ஒரு வட்டம் காட்டி ‘எப்படிப் பறக்கிறது பார்த்தீர்களா’ என்பார். சமதரையில் எல்லாம் பறக்கும். அம்மா, அப்பா, தம்பி மூவரையும் ஏற்றிக்கொண்டு போ. சாக்குல்லியால் ஜிபில்ரொஸ்ஸாவுக்கு ஏறு. 1860இல் கரிபால்தி பலெர்மோவுக்குள் இறங்குமுன் முகாமிட்டிருந்த அந்த மேட்டுக்கு ஏறும் வளைவுகளில்தான் 100 குதிரைவலுவின் சாயம் வெளுக்கும். இரண்டாம் கியரில் மூச்சுவாங்குகிறதா, கேட்டுக்கொள். குளிரூட்டியைப் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை. ஏற்றத்தின் நடுவே நிறுத்தித் திரும்ப எடுத்துப் பார். அது உனக்குப் பொறுக்கமுடியாத இழுபறியாக இருந்தால், நாலுசக்கர இழுவை இல்லாத டிசிஇ 130ஐயும் ஒரு தடவை ஓட்டிவிட்டு எனக்கு எழுது, திரும்பக் கணக்குப் பார்ப்போம்.

கையெழுத்து வைக்கமுதல் விலைத்தாளைப் படமெடுத்து அனுப்பு. நிறத்தை நீயே பார்த்துக்கொள், நான் தலையிடமாட்டேன். கறுப்பு மட்டும் வேண்டாம். ஷிரோக்கோ காற்றடித்த மறுநாள் சகாராவின் மண் முழுக்க அதன்மேல்தான் கிடக்கும், கழுவப்போவது தம்பி.

அன்புடன்,
மாமா